36 கேள்விகள்: மனம்விட்டுப் பேச உதவுமா?

உளவியலாளர் ஆர்தர் ஆரனும் சகாக்களும் 1997-ல் ஓர் ஆய்வில் வெளியிட்ட, இருவர் மனம்விட்டுப் பேசி நெருக்கமாக உதவும் 36 கேள்விகள் இப்போது அட்டைகளாகவும் செயலிகளாகவும் உலவுகின்றன. காசு கொடுக்க வேண்டியதில்லை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதன் பலமே வரிசைதான். மூன்று தொகுப்பு, ஒவ்வொன்றிலும் 12 கேள்வி, 15 நிமிடம். போன் பண்ணுமுன் பேச்சை ஒத்திகை பார்ப்பீர்களா என்று லேசாகத் தொடங்கி, மூன்றாவது தொகுப்பில் ‘கடைசியாக அடுத்தவர் முன் எப்போது அழுதீர்கள்?’ என்பதுவரை போகிறது. அட்டைகளைக் கலைத்துப்போட்டு எடுத்தால் இந்த ஏற்றம் குலைந்துவிடும். எதிரிலிருப்பவர் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். நேரம் முடிந்தால் மிச்சத்தை விட்டுவிட்டு அடுத்த தொகுப்புக்குப் போங்கள், ஆய்விலும் அப்படித்தான்.

பலர் சொதப்புவது வேறோர் இடத்தில்: ஒருவரே கேட்டுக்கொண்டிருந்தால் அது நேர்காணல். ஒவ்வொரு கேள்விக்கும் இருவருமே பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்ததும் அறிவுரைக்குத் தாவாமல், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிட்டு நாலைந்து விநாடி சும்மா இருங்கள். சொல்லத் தயங்கிய விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

குறையும் உண்டு. வருடக்கணக்காகப் பழகியவர்களுக்கு முதல் தொகுப்பு சப்பென்றிருக்கும். அவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம். பெரிய கூட்டத்துக்கு இது சரிப்படாது.