பச்சையாக வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள்

தங்கச்சி பிரசவத்துக்காக சிட்னியிலிருந்து உசிலம்பட்டி போயிருந்தேன். பாப்பா பிறந்த நான்காம் நாள் காலை, பால் குடித்த கையோடு வாந்தி எடுத்தாள். விரித்திருந்த பழைய வேட்டித் துணியில் முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி பச்சை. "பச்சப்புள்ள கக்குறது சகஜம்தான்டா" என்றார் அம்மா. பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டோம். என்ன நிறம் என்றுகூடக் கேட்காமல், "மத்தியானம் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அதை நம்பி இரண்டு மணி நேரம் போனது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுபடியும் பச்சை. 108-ஐக் கூப்பிட்டேன். வண்டியில் வந்த தம்பி துணியைப் பார்த்ததுமே, "இனிமே பால் குடுக்காதீங்கக்கா. இந்தத் துணிய டாக்டர்கிட்ட காட்டணும், எடுத்துக்கங்க" என்றார். நேராக மதுரை பெரியாஸ்பத்திரி.

மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய், டிரிப்ஸ், ஸ்கேன் என்று எல்லாம் மளமளவென்று நடந்தது. குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் என் தோளில் கிடந்த துண்டை வாங்கி, நடுவில் பிடித்து முறுக்கிக் காட்டினார். கருவில் பத்தாவது வார வாக்கில் குடல் 270 டிகிரி சுழன்று வயிற்றுக்குள் வந்து அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். பாப்பாவுக்கு அது பாதியிலேயே நின்றுவிட்டது. பிடிமானம் குறுகலாக இருந்ததால் குடல் முறுக்கிக்கொண்டது, கூடவே அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும். விட்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். பச்சை நிறம் பித்தநீர்.

இதற்குச் செய்வது லாட் ஆபரேஷன். பாஸ்டன் டாக்டர் வில்லியம் லாட் 1936-இல் எழுதிய முறை. முறுக்கைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பிரித்து, வெதுவெதுப்பான ஈரத் துணியால் குடலை மூடி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கருத்துப்போன பகுதியை வெட்டத்தான் வேண்டும். பாப்பாவுக்கு முழுக் குடலும் சிவந்து வந்தது. குடலை அழுத்தும் சவ்வுப் பட்டைகளை வெட்டி, பிடிமானத்தை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்தார்கள். குடல்வாலையும் எடுத்துவிட்டார்கள். பின்னால் அதில் வலி வந்தால், இடம் மாறியிருப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டமாம்.

ஒரு பைசா கேட்கவில்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்து, குழாயில் வரும் நீரின் நிறத்தை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தோம். பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் தண்ணீர் போல. ஐந்தாம் நாள் சிஸ்டர், தங்கச்சி பீய்ச்சிக் கொடுத்த பாலில் 5 மில்லியை மட்டும் பாலாடையில் புகட்டினார். பாப்பா கக்கவில்லை.