வரவேற்பு மேசைக் கொம்பியூட்டரில் ‘ரீசன்ட்’ மறைப்பு: விண்டோஸ் 11இன் சொந்த வசதியும் பிளீச்பிட்டும்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சிறிய விருந்தினர் விடுதிகளில் வரவேற்பு மேசைக்கு ஒரு கொம்பியூட்டர்தான் இருக்கும். வெளிநாட்டுப் பயணியின் பாஸ்போட் அதில்தான் ஸ்கேன் ஆகும், பில்லும் அதில்தான் அடிபடும், பின்னேரம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கவும் அதுதான். பில் எடுக்க மஞ்சள் ஃபோல்டரை அழுத்தினால் விண்டோஸ் 11 முதலில் திறப்பது ‘ஹோம்’ பக்கம். அண்மையில் திறந்த ஃபைல்களை அது ‘ரீசன்ட்’ என்று பட்டியலிடும். நேற்று வந்தவரின் பாஸ்போட் ஃபைல் பெயரோடு அங்கே நிற்கும். மேசைக்கு முன்னால் நிற்கும் இன்றைய விருந்தாளி எட்டிப் பார்த்தாலே போதும். நகருக்குள் போட்டோகொப்பி கடைகளிலும் இதே சங்கடந்தான். “தம்பி, இதை ஒருக்கா பிரின்ட் எடுத்துத் தாங்கோ” என்று ஒருவர் தந்த அடையாள அட்டைப் படம், அடுத்தவருக்கு ஃபைல் தேடும்போது திரையில் வந்து நிற்கிறது.

இதற்கு விண்டோஸோடு வரும் மறைப்பு வசதியையும், இப்படியான தடயங்களை அழிக்கும், இலவசமாகக் கிடைக்கும் பிளீச்பிட் மென்பொருளையும் அந்த மேசையில் வைத்தே எடைபோடுவோம்.

விண்டோஸில் இரண்டு இடங்களைத் தொடவேண்டும். முதலாவது ஃபோல்டர் ஒப்ஷன்ஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேற்பட்டியில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘ஒப்ஷன்ஸ்’ போனால், ‘ஜெனரல்’ தாவலின் அடியில் ‘பிரைவசி’ பகுதி இருக்கிறது. அண்மையில் பாவித்த ஃபைல்களைக் காட்டும் கட்டத்திலும் அடிக்கடி பாவிக்கும் ஃபோல்டர்களைக் காட்டும் கட்டத்திலும் உள்ள சரிக்குறியை எடுக்கவேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சரிக்குறியை எடுப்பது வெறும் திரைபோடுவது. பின்னால் பட்டியல் தொடர்ந்து எழுதப்படுகிறது. நாளை யாராவது குறியைத் திரும்பப் போட்டால் பழைய பெயர்கள் வரிசையாக எழும்பி வரும். ஆகவே பக்கத்தில் உள்ள ‘கிளியர்’ பொத்தானையும் அழுத்தவேண்டும். அது அழுத்தியதற்கு எந்த அறிவித்தலும் தராது என்பதால் வேலை செய்யவில்லை என்று நினைத்து நாலைந்து தரம் அழுத்துபவர்கள் உண்டு. ஒரு தரம் போதும். அதே தாவலின் உச்சியில் எக்ஸ்ப்ளோரர் எங்கே திறக்கவேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘ஹோம்’ஐ மாற்றி ‘திஸ் பிசி’ என்று வைத்தால் வரவேற்பு மேசைப் பிரச்சினையில் பெரும்பங்கு அத்தோடு தீரும்.

இரண்டாவது, செட்டிங்ஸில் ‘பேர்சனலைசேஷன்’, அதற்குள் ‘ஸ்டார்ட்’. அங்கே ஸ்டார்ட் மெனு, ஜம்ப் லிஸ்ட், எக்ஸ்ப்ளோரர் மூன்றிலும் அண்மைய ஃபைல்களைக் காட்டும் சுவிட்ச் இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அதன் வாசகம் கொஞ்சம் மாறும். ஜம்ப் லிஸ்ட் என்பது கீழ்ப்பட்டியில் உள்ள ஐகனில் வலது கிளிக் செய்தால் மேலே எழும்பும் பட்டியல். இதை அணைத்தால் இருந்த பட்டியலும் துடைபடும், ஆனால் எப்போதும் நிற்கும்படி ‘பின்’ குத்திவைத்தவை போகாது. குறை என்னவென்றால் மூன்றையும் ஒரே சுவிட்சில் கட்டிவைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் மட்டும் வேண்டாம், ஜம்ப் லிஸ்ட் இருக்கட்டும் என்றால் இந்தச் சுவிட்சில் வழியில்லை. எக்செல் கணக்குகளை ஜம்ப் லிஸ்டில் இருந்து திறந்து பழகிய கணக்கருக்கு இது கைவெட்டியது போல இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘ஷெல்’, ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ‘ரீசன்ட்’ என்று அடித்துப் பாருங்கள். திறந்த ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவழி அங்கே கிடக்கும். பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் அதில் இருந்த ஃபைலின் குறுக்குவழி போகாது. பெயர், இருந்த பாதை, திகதிகள் எல்லாம் அதற்குள் உண்டு. இவற்றை அழித்தால் மூல ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். ஜம்ப் லிஸ்ட் பதிவுகள் இதற்குள் ‘ஓட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ்’ என்ற மறைந்த துணை ஃபோல்டரில் இருக்கின்றன. அதை மொத்தமாக அழித்தால் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் பின் குத்திய ஃபோல்டர்களும் சேர்ந்து போய்விடும்.

விண்டோஸ் புரோ பதிப்பு உள்ள கடைக்காரர்களுக்கு, குரூப் பொலிசி என்ற நிர்வாகக் கருவியில், ‘ஸ்டார்ட் மெனு அன்ட் டாஸ்க்பார்’ பகுதியில், வெளியேறும்போது இந்த வரலாறு தானாக அழியும் ஏற்பாடு உண்டு. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்தக் கருவியே வராது. வெளியேறுவது என்றால் சைன் அவுட் ஆவது. இரவு மூடிவைத்து ஸ்லீப்பில் விடும் லப்டொப்பில் அது நடப்பதில்லை, திடீரென்று கரண்ட் போனாலும் நடப்பதில்லை.

விண்டோஸின் கை இதற்கு மேல் எட்டாது. வேர்ட் தனக்கென்று 50 பெயர்கள் வரை வைத்திருக்கும். ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய் ‘டிஸ்ப்ளே’ பகுதியில் அண்மைய ஆவணங்களின் எண்ணிக்கையை 0 ஆக்கவேண்டும்; எக்செலில் தனியாகத் திரும்பச் செய்யவேண்டும். படம் ஓட்டும் விஎல்சியில் பிரிபரன்சஸில் அண்மையில் ஓடியவற்றைச் சேமிக்கும் குறியை எடுத்தால் போதும். பிடிஎஃப் விஷயத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வேறு ரீடர் போடாத கொம்பியூட்டரில் பிடிஎஃப் எட்ஜ் பிரவுசரில் திறக்கும். உங்கள் வன்தட்டில் உள்ள ஃபைலாக இருந்தாலும் அதன் பெயர் பிரவுசர் ஹிஸ்டரியில் ஏறும். கன்ட்ரோலும் ‘எச்’சும் அழுத்திப் பார்த்தால் தெரியும். வட்ஸ்அப் வெப்பில் வந்த ஃபைல்களோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே குவிந்து கிடக்கும். குவிந்த ஃபைலை அழிக்காமல் பட்டியலை மட்டும் மறைத்து என்ன பயன்?

பிளீச்பிட் கைகொடுப்பது இந்தச் சிதறலில்தான். 2008இல் வெளிவந்த திறமூல மென்பொருள், விளம்பரம் இல்லை, பென் டிரைவில் இருந்தே ஓடும் போர்ட்டபிள் பதிப்பும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் பிரிவில் அண்மைய ஆவணங்கள், தேடல் வரலாறு, தம்ப்நெயில் எனும் சிறுபடங்கள் ஆகியவற்றையும், பிரவுசர் பிரிவுகளில் ஹிஸ்டரியையும் தெரிவு செய்யலாம். முதலில் ‘பிரிவியூ’வை அழுத்துங்கள். எந்தெந்த ஃபைல் போகப்போகிறது என்று வரிவரியாகக் காட்டும். ‘டெஸ்டினேஷன்ஸ்’ என்று முடியும் ஃபோல்டர் அதில் தெரிந்தால் பின் குத்தியவையும் போகும் என்று தெரிந்துகொள்ளலாம். ‘கிளீன்’ அழுத்திய பின் அழிந்ததைத் திரும்பப் பெறும் வசதி பிளீச்பிட்டில் இல்லை. பிரவுசரை மூடாமல் ஓடவிட்டால் ஃபைல் பூட்டியிருக்கிறது என்று பிழை வரும். ‘பாஸ்வேர்ட்ஸ்’ கட்டத்தைத் தெரியாமல் தெரிவு செய்து, முன்பதிவுத் தளங்களில் சேமித்த கடவுச்சொல் முழுவதையும் இழப்பது இதில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து. வெற்று இடத்தைத் துடைக்கும் தெரிவு மணிக்கணக்கில் ஓடும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில் அதனால் உறுதியான பலன் இல்லை, தேய்மானந்தான் மிச்சம். இன்னொரு குறை, அது தானாக ஓடாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கட்டளை எழுதிவைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் அந்த வசதி.

எங்கள் தீர்ப்பில் எட்டிப் பார்ப்பவரைத் தடுக்க விண்டோஸ் மறைப்புப் போதும், கடைக்காரருக்கு நாள் முடிவில் பிளீச்பிட் ஒரு தரம். ஆனால் ஒரே கொம்பியூட்டரில் வீட்டாரும் வேலையாட்களும் இருக்கும் விடுதிக்கு இரண்டையும் விட நல்லது ஆளுக்கொரு யூசர் கணக்கு. அண்மைய பட்டியல், ஜம்ப் லிஸ்ட், வேர்ட் வரலாறு எல்லாமே கணக்குக்குக் கணக்கு தனி. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ச் சேர்க்கவேண்டும். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில், இவருடைய விபரம் இல்லை என்ற தெரிவை அழுத்தினால் மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமலே திறக்கலாம். புதியவரை ‘ஸ்டாண்டர்ட்’ ஆகவே விடுங்கள், அட்மின் ஆக்கினால் உங்கள் ஃபோல்டருக்குள்ளும் வந்துவிடுவார். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினில் ஒருவர் சைன் அவுட் ஆகாமல் மற்றவர் நுழைந்தால் இழுபடும். பழுது பார்ப்பவர்கள் வழக்கமாகப் பிரித்துத் தரும் டி டிரைவ் எல்லாக் கணக்குக்கும் திறந்தே கிடக்கும் என்பதையும் கவனியுங்கள். பாஸ்போட் ஸ்கேன்களை அங்கே போடாமல் அந்தந்தக் கணக்கின் ‘டொகியூமன்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் வையுங்கள். மேசையை விட்டு எழும்பும்போது விண்டோஸ் விசையோடு ‘எல்’ அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.