கை அளக்க ஒரு நாடா: அக்காவின் சிகிச்சையோடு கழிந்த விடுமுறை

குறை சொல்லப் போகிறேன் என்பதால் நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நன்றாகவே நடக்கிறது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நான் வருவதற்குள் அக்காவுக்கு முடிந்திருந்தன. தழும்பு சுத்தமாக ஆறியிருந்தது. அறிக்கைகள் தேதிவாரியாகக் கோப்பில் இருந்தன. மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பேசினார். நான் அலைந்தது அதற்கு அடுத்த கட்டத்துக்காக: அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்காமல் காப்பதற்கு.

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், கையின் திசுக்களிலிருந்து நிணநீர் என்ற திரவம் வடியும் வழி குறுகிவிடுகிறது. கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் குறுகும். கணுக்களைத் தொகுதியாக அகற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. முதலில் வடிகட்டும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களிடம் இது நூற்றுக்கு 6 பேர் அளவுக்குக் குறைகிறது. அக்கா முதல் வகை. மாலையானால் கை கனக்கிறது, மோதிரம் இறுகுகிறது என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தாள்.

தொடர் பரிசோதனைக்குப் போனபோது, அறுவைக்கு முன் இரண்டு கைகளையும் அளந்தீர்களா என்று கேட்டேன். இளம் மருத்துவர் கோப்பைப் புரட்டினார். உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் இருந்தன. கையின் சுற்றளவு இல்லை. “வீக்கம் எதுவும் தெரியவில்லையே அம்மா. தெரிந்தால் உடனே வாருங்கள்” என்றார் அக்காவிடம், அன்பாகத்தான். என் வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தோடுதான். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால், தேங்கிய நீரோடு கொழுப்பும் நார்த்திசுவும் சேரத் தொடங்கிவிடும். பிறகு கையைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

முந்திக்கொள்வதற்கு வழி இருக்கிறது. கணுக்களை அகற்றிய பெண்களுக்கு அறுவை முடிந்ததும் கம்ப்ரஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் மீள் உறை) கொடுத்து, மற்ற சிகிச்சைகள் முடிந்து 3 மாதம் வரை அணியச் செய்த ஆய்வு 2022-இல் வெளியானது. முதல் ஆண்டில் அவர்களுக்குக் கை வீக்கம் குறைவாகவே வந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், தொடக்க மாற்றம் தெரிந்தவுடன் நாளுக்கு 12 மணி நேரமாக 4 வாரம் ஸ்லீவ் அணிவித்தார்கள். திசுவில் உள்ள நீரை மெல்லிய மின்னோட்டத்தால் கணிக்கும் கருவியைக் கொண்டு கண்காணிக்கப்பட்ட பெண்களிடம், நாடாவால் அளக்கப்பட்டவர்களைவிட வீக்கம் முற்றுவது குறைவாக இருந்தது. அந்தக் கருவி நாங்கள் போன இடம் எதிலும் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும், நாடாவாவது வேண்டாமா?

மருத்துவ உபகரணக் கடை தனிக் கதை. கைக்கு என்றுதான் கேட்டோம். காலுக்கான நீள உறை வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு ஸ்லீவ் வந்தது. “பெரிய சைஸ் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, தளர்வாக இருந்தால் சிரமம் இல்லை” என்றார் கடைக்காரர். தளர்வாக இருந்தால் பயனும் இல்லை. பெட்டியில் ‘வகுப்பு 2’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. இந்த வகுப்பு எண்ணை நம்பவே கூடாது. ஜெர்மன் தரத்தில் இரண்டாம் வகுப்பு என்றால் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பிரிட்டிஷ் தரத்தில் அதே எண்ணுக்கு 18 முதல் 24. வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்கள் மருந்துச்சீட்டில் வகுப்பை எழுதாமல் அழுத்தத்தின் அளவையே எழுதித் தரும்படி கேளுங்கள்.

கடைசியில் வேறொரு மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். அவருடைய அறை சிறியது, மின்விசிறி கடகடவென்று சத்தமிட்டது, ஆனால் வேலை தெரிந்தவர். மணிக்கட்டில் தொடங்கி அக்குள்வரை 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து இரண்டு கைகளையும் அளந்தார். வலக்கைப் பழக்கமா என்று கேட்டுக்கொண்டார். புழங்கும் கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும் அல்லவா. முன்கையில் சிறிய வித்தியாசம் இருந்தது. உடனே ஸ்லீவ் விற்கப் பார்க்கவில்லை. கையில் தொற்றோ ரத்தக் கட்டியோ இதயக் கோளாறோ உண்டா என்று விசாரித்த பிறகே அழுத்தத்தைக் குறித்தார். புறங்கையை மூடும் விரலில்லா உறையையும் சேர்த்து எழுதினார். அது இல்லாமல் ஸ்லீவ் மட்டும் போட்டால் நீர் கைத்தலத்துக்கு இறங்கிவிடலாம்.

அணியும் முறையையும் அவரே கற்றுக்கொடுத்தார். காலையில் எழுந்ததும் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு துணியைச் சிறிது சிறிதாக மேலே நகர்த்தினால் சுருக்கம் விழாது. முழங்கையில் மடிந்தால் அந்த இடம் கயிறு கட்டியது போல இறுக்கும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்ற வேண்டும். தினமும் துவைக்க வேண்டும் என்பதால் இரண்டு ஜோடி வேண்டும். ஆறு மாதத்தில் மீள்தன்மை தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், ஸ்லீவைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்காதே, பாரம் எடுக்காதே என்று அக்காவை மிரட்டி வைத்திருந்தார்கள். படிப்படியாகக் கூட்டும் எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகமாக்குவதில்லை என்று 2009, 2010 ஆய்வுகளே காட்டிவிட்டன. விமானப் பயணம், ஊசி, ரத்த அழுத்தப் பட்டை ஆகியவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது 2016-இல் வந்த ஓர் ஆய்வு. உடல் எடை, தோல் தொற்று, கணுக்களைத் தொகுதியாக அகற்றுவது, கணுப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுப்பது ஆகியவைதான் அதில் தொடர்பு காட்டின. இருந்தாலும் மறு கை சும்மா இருக்கும்போது அதில் ஊசி போட்டுக்கொள்வதில் நட்டமில்லை.

புறப்படும் முன், முதல் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன்: அறுவைக்கு முந்தைய படிவத்தில் இரண்டு கைகளின் சுற்றளவுக்கும் ஒரு வரி சேருங்கள் என்று. படிவத்தை மாற்றக் குழு கூட வேண்டும் என்றார். அக்காவின் அடுத்த அளவு மூன்று மாதத்தில், அந்த மின்விசிறி அறையில்தான்.