நிழற்கூத்துக்கு ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர்: எந்த வகை உதவும், எது சொதப்பும்

தட்டில் வைத்த ஒளி புகும் தாளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரை வகுப்பறைகள் கைவிட்டாலும், நிழற்பாவைக்காரர்கள் இன்னும் விடவில்லை. சிகாகோவின் மேனுவல் சினிமா குழு 2010 முதல் இதை வைத்துத்தான் மேடையில் நேரடியாகப் ‘படம்’ காட்டுகிறது. இன்று பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும் என்பதால் பார்த்து வாங்க வேண்டும்.

மடக்கி எடுத்துச் செல்லும் மெல்லிய வகை வேண்டாம். அதில் விளக்கு தலைப்பகுதியில் இருக்கும், அடித்தட்டு வெறும் பிரதிபலிப்பான். ஒளி பாவையை இரண்டு முறை கடப்பதால், பாவை தட்டிலிருந்து கொஞ்சம் எழும்பினாலே நிழல் இரட்டையாகத் தெரியும். அடியில் விளக்கும் மேலே ஃப்ரெனெல் வில்லையும் (ஒளியைக் குவிக்கும், வரிவரியான தட்டை லென்ஸ்) உள்ள கனமான பெட்டி வகைதான் சரி. 36 வோல்ட், 400 வாட் ஹாலஜன் உள்ளதாகக் கிடைத்தால் நல்லது.

பாவையை வைக்கும் தட்டு சுமார் 285 மில்லிமீட்டர் சதுரம். 315 மில்லிமீட்டர் குவியத்தூர லென்ஸோடு திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைத்தால் ஏறக்குறைய 2.4 மீட்டர் படம் விழும். கையின் 1 மில்லிமீட்டர் நடுக்கம் அங்கே 8 மில்லிமீட்டராகும். அதனால் பாவையை விரலால் பிடிக்காமல், ஒளி புகும் தகட்டுப் பட்டையில் ஒட்டித் தட்டோடு தட்டாக நகர்த்துங்கள். திரையைப் பார்த்து நின்று ஆட்டுபவருக்கு எல்லாமே தலைகீழ்: வலப்பக்கம் தள்ளினால் நிழல் இடப்பக்கம் போகும், திரைப்பக்கம் தள்ளினால் கீழே இறங்கும். பழகும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் வெட்டும் மங்கலும்தான். தட்டின் மேல் கறுப்பு அட்டையை நகர்த்தினால் படம் ஓரத்திலிருந்து துடைக்கப்படும். அதே அட்டையை லென்ஸுக்கு முன்னால் நகர்த்தினால் மொத்தப் படமும் மங்கும். ஃப்ரெனெல் வில்லை விளக்கின் ஒளியை அங்கேதான் குவிக்கிறது. குவியும் புள்ளி சிறியது, ஆகவே நேர்விளிம்பு அட்டை சட்டென்று அணைத்துவிடும். விளிம்பை ரம்பப்பல் போல வெட்டினால் மங்கல் நிதானமாக வரும். இரண்டு கருவிகளை ஒரே திரையில் பொருத்தி, ஒன்றை மூட மூட மற்றொன்றைத் திறந்தால் காட்சி காட்சிக்குள் கரையும். பாவையை லென்ஸை நோக்கி உயர்த்தினால் அது பெரிதாகிக் கலங்கும். கேமராவில் ஃபோக்கஸ் மாற்றுவதைப் போன்ற இந்த உத்தி செலவில்லாமல் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. விசிறி இரைச்சலிடும். சத்தத்தை அடக்கப் பெட்டி கட்டினால் சூடேறி, வெப்பக் காப்புச் சுவிட்ச் நடுக்காட்சியில் விளக்கை அணைத்துவிடும். மேடை டிம்மரில் (விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இணைக்கவே கூடாது: விசிறியும் டிரான்ஸ்ஃபார்மரும் அதே மின்கம்பியில் ஓடுகின்றன. நீண்ட காட்சியில் மெல்லிய அசிடேட் பிளாஸ்டிக் தாள் சூட்டில் சுருளும், பாலியஸ்டர் ஃபிலிம் தாங்கும். பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள்.

வீடியோ ப்ரொஜெக்டரோடு கலப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் கறுப்பு உண்மையில் சாம்பல். அந்தச் சாம்பல் நிழல்மேல் விழுந்தால் பாவையின் அடர்த்தி போய்விடும், ஆகவே வீடியோவைத் தேவைப்படும் பகுதிக்கு மட்டும் ஒதுக்கி, மீதியை வீடியோ லென்ஸுக்குச் சற்றுத் தள்ளி முன்னால் வைத்த அட்டையால் மறையுங்கள். ஹாலஜன் மஞ்சளாகவும் வீடியோ நீலமாகவும் தெரியும். வீடியோ லென்ஸின் முன் ஆரஞ்சுத் திருத்த ஜெல் (நிறம் மாற்றும் ஒளி புகும் தாள்) வைத்தால் இரண்டும் ஒட்டிப்போகும்.