வெளிறிப்போன ஜீப் பெயிண்டுக்கு எது சரி: காம்பவுண்டா, லேக்கரா, புது பெயிண்டா?

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: பெயிண்ட் செத்துப்போச்சு, பாலிஷ் போட்டால் வருமா, இல்லை முழுசா அடிச்சிடலாமா? கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது, ஏனென்றால் எந்த வண்டியிலும் பெயிண்ட் எல்லா இடத்திலும் ஒன்றாகச் சாவதில்லை. பானட்டும் மட்கார்டின் மேல்பக்கமும் சுண்ணாம்பு பூசின மாதிரி நிற்கும், பக்கவாட்டுத் தகடு கொஞ்சம் மங்கியிருக்கும், ஸ்டெப்னிக்குப் பின்னால் பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்த அன்றைய நிறம் அப்படியே இருக்கும். அதனால் நான் கீழே எழுதுவதெல்லாம் பானட்டுக்கு எது, பக்கத்துக்கு எது என்கிற கணக்கில்தான். என்னிடம் இருப்பது சிவப்பு மகேந்திரா எம்.எம்.540. 2011-இல் வந்த 'தானே' புயலில் வாசலில் நின்ற பூவரசு போனதிலிருந்து அதற்கு நிழல் என்று ஒன்று கிடையாது.

முதலில் ஒரு பழியைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் உப்புக்காற்றுதான் காரணம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கமோ புதுச்சேரி பீச் ரோட்டுப் பக்கமோ வண்டி நின்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் உப்புக்காற்று பானட்டில் மட்டுமா படுகிறது? பக்கத்துத் தகட்டிலும் அதே காற்றுதான். பானட் வெளிறி, பக்கம் வெளிறாமல் இருக்கிறதென்றால் வேலையைச் செய்தது வெயில். புற ஊதாக் கதிர் பெயிண்டில் நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினை உடைக்கிறது, பிடி விட்ட நிறமி மேலே பொடியாக நிற்கிறது, விரலால் தடவினால் அந்தப் பொடிதான் ஒட்டுகிறது. சிவப்பு இதில் சீக்கிரம் மாட்டும், அதனால்தான் பழைய சிவப்பு ஜீப்பெல்லாம் ரோஸ் கலரில் சுற்றுகின்றன. உப்பின் வேலை வேறு இடத்தில்: தகடு சேரும் மூட்டு, ரிவெட் தலை, வண்டித் தரையின் அடிவிளிம்பு. அங்கே பெயிண்ட் கொப்புளித்திருந்தால் அது துரு, அதற்கு இங்கே சொல்லப்போகும் பாலிஷ் எதுவும் மருந்து கிடையாது, டிங்கரிடம்தான் போக வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும் பார்க்க வேண்டியது, உங்கள் வண்டியில் மேலே லேக்கர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, இருக்கிறதா இல்லையா என்பது. பழைய ஜீப், பழைய ஜிப்ஸியின் வெள்ளை, சிவப்பு மாதிரி சாதா நிறங்களில் பெரும்பாலும் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும். 2002-இல் வந்த ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளின் மெட்டாலிக் நிறங்களில் கீழே நிறம், மேலே தனியாக லேக்கர். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மூலையைக் கழுவிக் காயவைத்து, வெள்ளை பனியன் வேஸ்டில் கொஞ்சம் காம்பவுண்ட் (பெயிண்டின் மேல் அடுக்கைத் தேய்த்தெடுக்கும் பாலிஷ் பசை) எடுத்துத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் ஒரே அடுக்கு, நல்ல செய்தி. நிறமே வராமல் துணி அழுக்கு வெள்ளையாகவே இருந்தால் லேக்கர் இருக்கிறது. லேக்கர் மங்கியிருந்தால் பாலிஷ் எடுபடும். ஆனால் திட்டுத்திட்டாக உரிந்து ஓரம் செதில் கிளம்பியிருந்தால் அதை எந்தக் காம்பவுண்டும் ஒட்டவைக்காது. அந்தத் தகட்டுக்குப் புது பெயிண்ட்தான், வேறு பேச்சில்லை.

இன்னொரு சோதனை, காசே ஆகாதது. வெளிறிய இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். நனைந்திருக்கும் வரை பழைய நிறம் கருஞ்சிவப்பாக எழுந்து வந்து, காயக்காயத் திரும்ப ரோஸாகிறதா? அப்படியென்றால் அடியில் நிறம் உயிரோடு இருக்கிறது, மேலே செத்த அடுக்கு மட்டும் போனால் போதும். நனைத்தும் நிறம் வரவில்லை என்றால் ப்ரைமருக்கு, அதாவது நிறத்துக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சுக்கு, பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

எண்ணெய் கோஷ்டியை முதலில் முடித்துவிடுகிறேன். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல். துடைத்ததும் பளபளக்கும், தண்ணீர் தெளித்தபோது நடந்த அதே மாயம்தான், எண்ணெய் தண்ணீர் மாதிரி உடனே போகாததால் கொஞ்ச நாள் நீடிக்கிறது. இரண்டு மழைக்குள் போய்விடும், அதற்குள் புழுதியெல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும், டீசல் ரப்பர் பீடிங்கையும் கெடுக்கும். இது புரோக்கர் வித்தை. பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பானட்டை ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டுப் பாருங்கள், விலை பேசுவது அப்புறம். லின்சீட் ஆயில் கொஞ்சம் வேறு ஜாதி. அது காற்றில் காய்ந்து நிஜமாகவே படலமாகும், சிலர் அதை வைத்துச் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் மஞ்சள் தட்டும், நம் வெயிலில் பிசுபிசுக்கும், நாளைக்குப் பெயிண்ட் அடிக்கப் போனால் அந்த எண்ணெய் இருக்கிற இடமெல்லாம் பெயிண்ட் ஒதுங்கிக் குழி குழியாக நிற்கும். அதைவிட முக்கியம்: லின்சீட் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அடுத்தது காம்பவுண்ட். ஒரே அடுக்குப் பெயிண்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான், பக்கவாட்டுத் தகடு முழுவதற்கும், பானட் ரொம்ப மோசமாகாத வண்டிகளில் பானட்டுக்கும். செலவென்று பார்த்தால் டப்பா சில நூறு ரூபாய், மீதி உங்கள் தோள்பட்டை. காலையில் தகடு சில்லென்று இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். சித்திரையில் ஒன்பது மணிக்கு மேல் பானட்டில் கை வைக்க முடியாது, காம்பவுண்ட் தேய்ப்பதற்குள் காய்ந்து பொருக்காகிவிடும். இரண்டு கை அகல இடத்துக்கு மேல் ஒரு தடவையில் எடுக்க வேண்டாம். தேய்க்கும்போது முதலில் துணி ரோஸாகும், அப்புறம் ரத்தச் சிவப்பாகும், துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த பொடியையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தேய்க்கும் சத்தமே மாறும், சொரசொர என்றது வழுக்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். ரொம்ப வறண்ட பெயிண்டாக இருந்தால், நேராகக் காம்பவுண்டுக்குப் போகாமல், மெக்வையர்ஸ் நம்பர் 7 மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தாராளமாகத் தேய்த்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் துடைத்துவிட்டு ஆரம்பிப்பது பழைய பெயிண்டுக்காரர்களின் முறை. எண்ணெய் கோஷ்டியைத் திட்டிவிட்டு இதைச் சொல்கிறேனே என்றால், இது இறுதி வேலை இல்லை, வறண்ட பெயிண்ட் வெட்டுப்படும்போது பிய்யாமலிருக்கச் செய்யும் தயாரிப்பு.

மெஷின் போடலாமா? டிஏ வகை மெஷின் (சுற்றிக்கொண்டே அலையும் தட்டு உள்ளது) என்றால் தாராளமாக, அதில் பெயிண்டைச் சுடுவது கஷ்டம். ஒரே இடத்தில் சுழலும் ரோட்டரி வேகமாக வேலை முடிக்கும், ஆனால் ஜீப் முழுவதும் மடிப்பும் விளிம்பும்தான், அங்கேதான் பெயிண்ட் மெல்லிசு, ஒரு நொடி கூடுதலாக நின்றால் ப்ரைமர் தெரியும். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அதை மட்டும் கையால் செய்யுங்கள். சில பட்டறைகளில் நாலு இஞ்ச் கிரைண்டரில் கம்பளி பஃப் மாட்டிக்கொண்டு வருவார்கள். பாலிஷ் மெஷின் 600-இலிருந்து 3000 சுற்றுக்குள் ஓடுவது, அந்தக் கிரைண்டர் 11,000 சுற்று. கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். முன்னால் யாரோ சிந்தெடிக் எனாமல் அடித்து வைத்திருக்கும் வண்டியானால் கூடுதல் ஜாக்கிரதை, சூட்டில் அது இளகி இழுபடும்.

காம்பவுண்டுக்கு மசியாத பானட்டுக்கு அடுத்த படி வாட்டர் பேப்பர். 2000 நம்பர் பேப்பரில் ஆரம்பித்து, அதைவிட நைசான 3000-இல் முடித்து அப்புறம் காம்பவுண்ட். சோப்புத் தண்ணீர் வாளி, கையில் ரப்பர் பிளாக், விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் விழும். பலன் காம்பவுண்டைவிடப் பல மடங்கு, ஆபத்தும் அப்படியே. பெயிண்ட், ப்ரைமர் எல்லாம் சேர்த்தே 100, 150 மைக்ரான் அளவுதான் கம்பெனிப் பூச்சு, அதாவது இரண்டு முடிக் கனம். பல வருஷம் வெயில் தின்றது போக மிச்சம் எவ்வளவோ. தேய்க்கும்போது பால் மாதிரி வழியும் தண்ணீரின் நிறம் மாறினால் நிறுத்து என்பார்கள். வெள்ளை வண்டிக்கும் பச்சை வண்டிக்கும் அது சரி, சிவப்பு வண்டிக்கு அந்த யோசனை உதவாது, கீழே ரெட் ஆக்சைடு ப்ரைமர் இருந்தால் அதுவும் ஏறத்தாழ அதே நிறத்தில்தான் வழியும். சிவப்பு ஜீப்காரர்கள் ஒவ்வொரு பத்துத் தேய்ப்புக்கும் துடைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். பழைய சிவப்பு, மஞ்சள் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈயக் கட்டுப்பாடும் வீட்டுப் பெயிண்டுக்குத்தான், வண்டிப் பெயிண்டுக்கு இல்லை. அந்தத் தூசி குழந்தைகள் விளையாடும் வாசலில் பறக்கக் கூடாது.

இப்போது எல்லாப் பெயிண்டரும் சொல்லும் அந்த யோசனை: "அண்ணே, மேல ஒரு கோட்டு லேக்கர் அடிச்சிட்டா போதும், கண்ணாடி மாதிரி ஆயிடும்." ஆகும், ஒரு மழைக்காலம் வரைக்கும். லேக்கர் எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், பிடி விட்ட பொடியின் மேல். பொடி கிளம்பும்போது லேக்கரும் சேர்ந்து கிளம்பும், அதன் பிறகு அந்தத் தகட்டில் பாலிஷும் போட முடியாது, முழுசாகச் சுரண்டத்தான் வேண்டும். காம்பவுண்டில் செத்த அடுக்கை முழுக்க எடுத்து, பாலிஷ் எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிட்டு, கடினமாக்கி கலந்த 2கே லேக்கர் அடித்தால் நிற்கும். ஆனால் அவ்வளவு வேலை பார்த்த தகடு லேக்கர் இல்லாமலேயே பளபளக்கும், பிறகு எதற்கு? 2கே கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் சரக்கு, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதெல்லாம் பாதுகாப்பே இல்லை. ஸ்டிக்கர் ராப்பும் இதே கதை, பொடியின் மேல் பசை பிடிக்காது, பிடித்தாலும் உரிக்கும்போது பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: கீழே இருப்பதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் மங்கலைப் பூட்டி வைத்த கதைதான்.

கடைசியாக, புது பெயிண்ட். பானட் ப்ரைமர் வரை போயிருந்தால் இதைத் தவிர வழியில்லை, ஆனால் பானட்டுக்கு மட்டும். முழு வண்டி என்றதும் செலவு பல பத்தாயிரத்துக்குத் தாவும், அதோடு நல்லா இருக்கிற தகட்டின் கம்பெனிப் பெயிண்டும் தேவையில்லாமல் போகும். மூன்று வகை சொல்வார்கள். சிந்தெடிக் எனாமல் மலிவு, பிரஷ்ஷில்கூட அடிக்கலாம், டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் பரவாயில்லை, வெயிலில் சீக்கிரம் மங்கும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீக்கிரம் காயும், பாலிஷ் போட்டால் அழகாக ஏறும், ஆனால் பெட்ரோல் சிந்தினால் கரையும், ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூக்கும். பியூ (பாலியூரித்தேன்) விலை கூடுதல், வெயிலுக்கும் உப்புக்கும் தாங்குவது அதுதான். அடியில் எபாக்ஸி ப்ரைமர் கேளுங்கள், கடற்கரைக்கு வெறும் ரெட் ஆக்சைடு போதாது. ஐப்பசி, கார்த்திகையில் எந்தப் பெயிண்ட் வேலையையும் எடுக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டியது 40 சென்டிமீட்டருக்கும் மேல், அந்த ஈரத்தில் தகரக் கொட்டகைப் பட்டறையில் எது காயும்? மாசி, பங்குனி சரியான நேரம்.

நிறம் சேர்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிறிய பக்கத்தகட்டைக் காட்டிப் பெயிண்ட் கலக்கச் சொன்னால் கடைக்காரர் வெளிறிய நிறத்தைத்தான் கலப்பார். மற்ற தகடுகளை முதலில் பாலிஷ் போட்டு முடியுங்கள், அப்புறம் கழற்ற முடிகிற ஒரு துண்டைக் கொண்டுபோய் அதற்கு நிறம் பிடியுங்கள். நிறத்தையே மாற்ற ஆசை இருந்தால் ஆர்.சி.யில் எழுதியிருப்பது பழைய நிறம், ஆர்டிஓவில் பதிய வேண்டும். அதிலும் ஜீப் என்றதும் எல்லோருக்கும் வரும் மிலிட்டரிப் பச்சை ஆசை வேண்டாம், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆவது விதிப்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்.

என் வண்டிக்கு முடிவானது: பக்கத்தகடுகளும் கண்ணாடிச் சட்டமும் கைக் காம்பவுண்ட், மட்கார்டுக்கு வாட்டர் பேப்பர், பானட்டுக்கு எபாக்ஸி போட்டு பியூ. முடித்த பிறகு வாக்ஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பீச் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசல். பிளாஸ்டிக் கவர் போடுவதில்லை, உள்ளே வேர்த்து, காற்றில் ஆடி ஆடி அதுவே பாலிஷைத் தேய்க்கிறது. நாலு கம்பு நட்டுக் கீற்றுக் கொட்டகை போட ஆள் சொல்லியிருக்கிறேன், பூவரசு வளர இன்னும் நாள் ஆகும்.