கூலிங் பெயின்ட்டா, கூலிங் டைல்ஸா? எங்கள் மொட்டை மாடியின் ஐந்து கோடை

மார்ச் பிறந்தால் போதும், சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் போன் செய்து "உங்க மாடிக்கு என்னப்பா போட்டீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் விளக்கிச் சலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டைல்ஸ் கட்சி. ஆனால் முதலில் பெயின்ட்தான் அடித்தேன், மூன்று கோடை அதோடு வாழ்ந்தேன். அதனால் பெயின்ட்டைப் பற்றிச் சொல்வதும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

வீடு வேலூரில். கீழ்த்தளம், முதல் மாடி, அதற்கு மேல் 600 சதுர அடி மொட்டை மாடி. முதல் மாடி அறையில் அம்மா. வயது 74, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கீழே வந்து படுங்கள் என்றால் வரமாட்டார். கீழே டிவி சத்தமாம்.

வேலூர் வெயில் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்களைப் படுத்தியது பகல் வெயில் இல்லை, ராத்திரி. நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வெளியே காற்று தணிகிற நேரத்தில் அதை அறைக்குள் இறக்கும். மேல்பக்கம் உச்ச சூட்டில் இருப்பது மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு. சீலிங்கின் அடிப்பக்கம் உச்சத்துக்கு வருவதோ ஆறு, ஏழு மணிக்கு. நாம் படுக்கப் போகும் நேரத்துக்கு அடுப்பு நன்றாகப் பற்றியிருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. காற்று அதிகம் அசையாத அறையில் நம் உடம்பு உணரும் சூட்டில் காற்றின் பங்கு ஏறக்குறைய பாதிதான். மீதிப் பாதி சுற்றியிருக்கும் சுவரும் சீலிங்கும் நம்மேல் வீசும் அனல். அதனால்தான் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 34 என்று காட்டும்போதும் கட்டிலில் படுத்தவருக்கு முகத்தில் தணல் வைத்த மாதிரி இருக்கும். தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், தோல் வழியாகத்தான் அது வெளியேறும். மேலிருந்து அனல் வந்துகொண்டே இருந்தால் எங்கே இறங்குவது? வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, முக்கியமாகச் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் வகை, உடம்பில் நீரைக் குறைத்து வெயில் காலத்தை இன்னும் மோசமாக்கும். அம்மா ஒரு மே மாதக் காலையில் குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டபோது மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே "எந்த மாடியில படுக்கிறாங்க?" என்பதுதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தப் பேரிடர் எங்கள் வீட்டு சீலிங்கில் தினமும் ஏழு மணிக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

சரி, ஏசி போட்டால் தீர்ந்தது என்பார்கள். போட்டோம், இப்போதும் இருக்கிறது. ஆனால் சூடான சீலிங்குக்குக் கீழே ஏசி 24 காட்டினாலும் தலைப்பக்கம் சூடு, கால்பக்கம் சில்லிப்பு. அதோடு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே குளிர வைத்துச் சுற்ற விடுகிறது. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் எட்டு மணி நேரம் மூச்சு விட்டால் காலையில் தலை கனக்கத்தான் செய்யும். கூரையைச் சரி செய்த பிறகு ஏசிக்கு வேலை குறைந்தது, பல இரவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனோடு படுக்க முடிகிறது. எனக்கு மின்சாரக் கட்டணத்தைவிட அதுதான் பெரிய லாபம்.

மற்ற இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபால்ஸ் சீலிங்: அனலை மறைக்கும், உண்மை. ஆனால் கான்கிரீட் சூடாவது நிற்காது, அறை உயரம் குறையும், ஃபேன் தலைக்குப் பக்கத்தில் வரும், மேலே எங்காவது கசிவு இருந்தால் ஜிப்சம் பலகை ஊறிப் பூஞ்சை பிடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். இழுப்பு இருக்கிறவர்கள் வீட்டில் நான் இதைச் சொல்லவே மாட்டேன். இரும்பு ஷீட் போட்டுக் கொட்டகை: நிழல் என்ற அளவில் இதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, காற்று புகுந்து ஓடும்படி உயரமாகப் போட்டால் ரொம்ப நன்றாக வேலை செய்யும், துணி காயப் போடவும் ஆச்சு. ஆனால் செலவு அதிகம், ஆடிக் காற்றுக்குப் பயம், வடகம் போட வெயில் கிடையாது என்று அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். கைக்கு எட்டுகிற தாழ்வில் ஷீட் போட்டவர்கள் வீட்டில் அந்த ஷீட்டே அனலைக் கீழே வீசும். பளபளவென்று இருக்கும் உலோகம் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் வானத்துக்கு விடாது, அதனால் ஷீட் கொதித்துக்கொண்டே இருக்கும்.

தாத்தா வீட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அடித்த சுர்க்கித் தளம், அதற்கு மேல் தட்டோடு. அந்த வீட்டு மாடி அறையில் மே மாதத்திலும் தூங்கியிருக்கிறேன். இன்று அதைச் சரியாகப் போடத் தெரிந்த ஆள் எனக்குக் கிடைக்கவில்லை, அதன் எடையைத் தாங்குமா என்று எங்கள் கூரையைப் பார்த்த எஞ்சினியரும் தயங்கினார். அதனால் அது போட்டியில் இல்லை.

ஆக மிஞ்சியது இரண்டு. 2021 பிப்ரவரியில் கூலிங் பெயின்ட். கழுவி, ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, விரிசல் அடைத்து, பிரைமர் ஒன்று, பெயின்ட் இரண்டு கோட். எல்லாம் சேர்த்து சுமார் 18,000 ரூபாய். பெயரில்தான் 'கூலிங்', அந்த டப்பாவுக்குள் குளிர வைக்கும் மந்திரம் எதுவும் இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, வாங்கிய கொஞ்சச் சூட்டையும் சீக்கிரம் வானத்துக்கு விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். வெறும் சிமென்ட் தளம் வெயிலில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குதான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதில் முக்கால்வாசிக்கு மேல்கூட அனுப்பும். வெள்ளை டைல்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, விற்பவர்கள் என்ன சொன்னாலும்.

என்னிடம் ஒரு தெர்மாமீட்டர் கன் இருக்கிறது. கொரோனாவில் நெற்றிக்கு நீட்டினார்களே, அந்த வகை இல்லை, பட்டறைகளில் வைத்திருக்கும் வகை. அதை வைத்து மே மாதங்களில் ராத்திரி ஏழு மணிக்கு சீலிங்கைக் குறி பார்ப்பது என் பொழுதுபோக்கு. பெயின்ட்டுக்கு முந்தின கோடையில் 41, 42. பெயின்ட் அடித்த முதல் கோடை 36. அம்மா அந்த வருஷம் ஏசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது கோடை 38. மூன்றாவது கோடை 39, சில நாள் 40. எல்லா வருஷமும் ஒரே மாதிரி வெயில் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ஏறிக்கொண்டே போனது மட்டும் நிச்சயம்.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, மாடிக்கு ஏறிப் பார்த்தாலே போதும். வெள்ளை இல்லை அங்கே. பக்கத்துச் சாலையின் புழுதி, லாரிப் புகை, புறா எச்சம், முருங்கை இலை மக்கிய கறை, வாட்டம் சரியில்லாத மூலையில் மழைத் தண்ணீர் நின்று காய்ந்து கறுத்த பாசி. நான் வெள்ளையடித்த மாடி, துவைக்காத பள்ளிச் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் சக்தி முழுவதும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. நிறம் போனால் கீழே இருப்பது பழைய கான்கிரீட்தான். டப்பாவில் அச்சடித்திருக்கும் எண் புதுப் பூச்சுக்கான எண். மூன்றாவது வருஷப் புழுதிக்கு யாரும் எண் அச்சடிப்பதில்லை.

கழுவினால் போகாதா? போகும், பாதி. நான் அடித்த பெயின்ட் தொட்டால் லேசான ரப்பர் மாதிரி இருந்தது, நுண்ணிய சொரசொரப்பு, அழுக்கு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தென்னந்துடைப்பத்தால் பெருக்கினால் மேல்புழுதி போகும், கறை போகாது. பிளாஸ்டிக் பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தேன், கறையோடு பெயின்ட்டும் சுருண்டு வந்தது. தண்ணீர் டிரம்மை இழுத்த தடம், கட்டில் கால் பட்ட இடம், மகன் கிரிக்கெட் ஆடிய கிரீஸ் எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிய ஆரம்பித்தன. இன்னொரு கோட் அடிக்கலாம் என்றால் பழையதைச் சுரண்டாமல் மேலே அடித்தால் அதுவும் உரிந்து வரும் என்கிறார் பெயின்டர். சுரண்டும் கூலியே பாதிச் செலவு.

டைல்ஸ் போட்ட மேஸ்திரி சொன்னது: "சார், பெயின்ட் அடிச்சா ரெண்டு வருஷம். இத போட்டீங்கன்னா உங்க பையன் காலம் வரைக்கும்." டைல்ஸ் வேலை செய்கிறவர் வேறு எப்படிச் சொல்வார் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். 2024 பிப்ரவரியில் வேலை நடந்தது. ஓரடிக்கு ஓரடி, வெள்ளை, வழுக்காத மேல்பரப்பு. வாட்டத்தைத் திருத்திச் சிமென்ட் போட்டு, டைல்ஸ் பதித்து, இடைவெளிகளை அடைத்து, எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய். பெயின்ட்டைப் போல நான்கு மடங்கு. இந்த இடத்தில் பலபேர் போனை வைத்துவிடுவார்கள்.

வைக்காதவர்களுக்கு: டைல்ஸ் போட்ட முதல் கோடை 36, இரண்டாவது கோடையும் 36, ஓரிரு நாள் 37. அதற்கு நான் செய்தது மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள், நீளக் கைப்பிடி பிரஷ். நாற்பது நிமிஷம். சுட்ட களிமண்ணின் மேல் கண்ணாடிப் பூச்சு என்பதால் அழுக்கு உள்ளே இறங்குவதில்லை, எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் டைல்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒருமுறை வேண்டுமென்றே கழுவாமல் பாதி மாடியை விட்டுப் பார்த்தேன். மூன்று வாரத்தில் வெறுங்காலோடு நடக்கும்போதே கோடு போட்ட மாதிரி வித்தியாசம் தெரிந்தது. கழுவிய பக்கம் மதியம் நிற்க முடிந்தது, மற்றப் பக்கம் குதித்துக்கொண்டு ஓடினேன். ஆகவே டைல்ஸும் கழுவாமல் விட்டால் வேலை செய்யாது. ஆனால் கழுவினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பெயின்ட் திரும்புவதில்லை. நான்கு மடங்கு பணம் கொடுத்தது அந்த ஒரு குணத்துக்குத்தான்.

டைல்ஸின் குறைகளையும் சொல்லாமல் விட முடியாது. கசிவு வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். பெயின்ட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தில் பூசினால் ஆயிற்று. டைல்ஸில் ஒரு மூலையில் இறங்கிய தண்ணீர் அடியிலேயே ஓடி வேறு மூலையில் சொட்டும். ஈரச் சுவர், பூஞ்சை, அதனால் வரும் இருமல், மூச்சிரைப்பு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சூட்டைத் தீர்க்கப் போய் ஈரத்தை வாங்கி வந்தால் அம்மாவுக்கு அது இன்னும் மோசம். அதனால் டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு போடாமல் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள். நான் போட்டேன். அதற்கு மட்டும் இரண்டு நாள் தாமதம் என்று மேஸ்திரி முகம் சுளித்தார்.

அப்புறம் கண்கூச்சம். மதியம் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மாடியில் நிற்க முடியவில்லை. எதிர்வீட்டு இரண்டாம் மாடிக்காரர் "எங்க ரூம்ல லைட் போட்ட மாதிரி இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிப்பு அவ்வளவு நிஜமாக இல்லை. மழை நேரத்தில் வழுக்காத டைல்ஸும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்கிறது.

வாடகை வீடு, அல்லது இரண்டு வருஷத்தில் மேலே இன்னொரு மாடி கட்டப் போகிறீர்கள் என்றால் டைல்ஸ் வேண்டாம். அதற்குப் பெயின்ட்கூட அவசியமில்லை, சுண்ணாம்பில் பசை கலந்து வருஷா வருஷம் தை கடைசியில் அடித்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு, ஒரு கோடைக்குத் தாங்கும், மழையில் கரைந்தால் அடுத்த தையில் மறுபடி. என் மச்சான் அப்படித்தான் செய்கிறார், அவர் வீட்டு சீலிங்கை நான் ஒரே ஒரு நாள்தான் அளந்து பார்த்தேன், 37 காட்டியது. உண்மையைச் சொன்னால் அந்த எண்ணைப் பார்த்ததும் என் 72,000 ரூபாய் ஞாபகம் வந்து கொஞ்சம் வயிறு எரிந்தது. வருஷா வருஷம் ஆள் பிடித்து அடிக்கும் பொறுமை இருந்தால் அதுதான் சரியான வழியோ என்னவோ. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

டைல்ஸோடு எனக்கு இரண்டு கோடை அனுபவம்தான். மகன் காலம் வரைக்கும் என்ற பேச்சைச் சோதிக்க நான் இருக்கப் போவதில்லை. இப்போதே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு டைல்ஸ் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறது, அடியில் சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை போல. ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துத் திரும்பப் பதித்துவிட வேண்டும். மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறேன். "நாளைக்கு வந்துடுறேன் சார்" என்றார். மூன்று வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.