சிம்பையும் சிங்குலரும்: பல மாறிக் கோவைகளை வகுத்துப் பழகிய அனுபவம்

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். பல மாறிகள் உள்ள பல்லுறுப்புக்கோவைகளை வகுக்க சிம்பை, சிங்குலர் என்ற இரண்டு கணித மென்பொருள்களையும் சில வருடங்களாகப் புழங்குகிறேன். இரண்டும் இலவசம், உபுண்டுவில் சட்டென்று ஏறிவிடும்.

சொல்ல வேண்டியது மீதியைப் பற்றி. ஒரே மாறி என்றால் மீதியும் ஒன்றே ஒன்றுதான், பள்ளியிலேயே பழகியது. இரண்டாவது மாறி வந்ததும் அந்த நிம்மதி போய்விடும். க, ச இரண்டும் மாறிகள் என்று வைத்துக்கொண்டு, க²ச என்பதை க² − 1, கச − 1 இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். க² − 1-ஐ முதலில் வைத்தால் மீதி ச. கச − 1-ஐ முதலில் வைத்தால் மீதி க. இரண்டு வகுத்தலிலும் பிழை கிடையாது.

சிம்பையின் ரெட்யூஸ்டு கட்டளை நாம் கொடுத்த வரிசையிலேயே வகுத்து, மறுபேச்சு இல்லாமல் விடையைத் தந்துவிடும். சிங்குலரில் ரெட்யூஸ் போட்டால், கொடுத்த பட்டியல் ஸ்டாண்டர்ட் பேசிஸ் (எந்த வரிசையில் வகுத்தாலும் ஒரே மீதி தரும் பட்டியல், குரோப்னர் பேசிஸ் என்றும் சொல்வார்கள்) இல்லை என்று ஒரு எச்சரிக்கை வரி வரும். அந்த ஒரு வரிக்காகவே மாணவர்களை சிங்குலரில் உட்கார வைக்கிறேன். "இது ஏன் சார் வருது?" என்று கேட்பார்கள், அங்கிருந்து நேராக 1965-இல் புக்பெர்கர் என்ற கணிதவியலாளர் தன் முனைவர் ஆய்வில் தந்த வழிக்குப் போய்விடலாம்: இரண்டிரண்டு கோவைகளாக எடுத்து, தலை உறுப்புகள் (வரிசையில் மிகப் பெரிய உறுப்புகள்) அடிபடும்படி கழித்து, வருவதை வகுத்து, மீதி பூஜ்யம் ஆகாவிட்டால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவது. நம் உதாரணம் க − ச, ச² − 1 என்று சுருங்கும். அகராதி வரிசையில் (முதல் மாறியின் படியை முதலில் ஒப்பிடும் வரிசை) க-வைப் பெரிதாக வைத்தால், இனி எதை முதலில் வைத்து வகுத்தாலும் மீதி ச மட்டும்தான்.

வேகத்தில் சிங்குலருக்குப் போட்டியே இல்லை. சிம்பை முழுக்கப் பைத்தான், சொல்லாவிட்டால் அகராதி வரிசையை எடுத்துக்கொள்ளும். மாறிகளும் படியும் கொஞ்சம் ஏறினாலே எங்கள் லேப் கம்ப்யூட்டர் நின்றுவிடும். வரிசையை, மொத்தப் படியை முதலில் ஒப்பிடும் கிரெவ்லெக்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறும். சிங்குலர் ஜியோபக்கெட் முறையில், நீளமான இடைக்கோவையை அளவுவாரியாகப் பிரித்து வைத்துக் கழிக்கிறது, அதனால் ஒவ்வொரு கழித்தலுக்கும் முழுக் கோவையையும் மேய வேண்டியதில்லை. அப்புறம், பைத்தானில் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் சிம்பையிலேயே இருக்கலாம், ஆனால் முதலில் அந்த ஸ்டாண்டர்ட் பேசிஸைத் தரும் குரோப்னர் கட்டளை, பிறகுதான் வகுத்தல்.

சிங்குலரிடம் எனக்குள்ள ஒரே குறை, க²ச-வை அடுக்குக்குறி இல்லாமல் க2ச என்று அச்சிடுவது. புதிதாக வருபவர்கள் இரண்டால் பெருக்கியதாகவே படிக்கிறார்கள். ஷார்ட் என்ற அமைப்பை 0 ஆக்கினால் சரியாகிவிடும், முதல் வகுப்பிலேயே அதைச் செய்யச் சொல்லிவிடுகிறேன்.